அம்மா தேர்ந்தெடுத்த கேமரா

புது பிலிம் ரோல் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்ததும் புளிப்பும் பிளாஸ்டிக்கும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனை வந்தால் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஊருக்கு வந்துவிட்டார் என்று பொருள். குவைத்தில் டிரைவராக இருந்த அத்தா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் திருச்சிக்கு வருவார், வந்த மறுநாளே கேமராவில் ரோலை மாட்டிக்கொண்டு எங்களை எங்காவது கூட்டிப் போவார். முக்கொம்பு ஊஞ்சலில் நான், மலைக்கோட்டைப் படிக்கட்டில் நான், காவிரிப் பாலத்தில் பின்னால் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தெரிய நானும் அத்தாவும் என்று முப்பத்தாறு படமும் தீர்ந்த பிறகு ரோல் 'கழுவ'ப் போகும். கடையிலிருந்து வரும் கவரைப் பிரிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான்.

அந்த ஆல்பங்கள் எதிலும் அம்மா இல்லை. "நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க, நான் எடுக்கிறேன்" என்று கேமராவை வாங்கிக்கொள்வார். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று எடுப்பதால் சில படங்களின் அடியில் அவருடைய நிழல் மட்டும் எங்கள் காலடி வரை நீண்டிருக்கும். அம்மாவுக்குப் படம் எடுக்கப் பிடித்திருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

காரணத்தை அத்தாதான் பின்னால் சொன்னார். கல்யாணமான புதிதில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் இருவரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டூடியோக்காரர் அதில் அம்மாவை மட்டும் தனியாகப் பெரிதாக்கி, யாரையும் கேட்காமல், கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அத்தா போய்ச் சண்டை போட்டதற்கு, "படம் ரொம்ப நல்லா வந்துச்சு, அதான் வச்சேங்க" என்றாராம் அந்த மனிதர். படம் வீட்டுக்கு வந்த அன்றே அம்மா அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு எந்தக் கேமராவுக்கு முன்னாலும் அவர் நிற்கவில்லை. "ரோலு கடைக்குப் போகுதுல்ல, யார் யார் கையில போகுதோ" என்பார்.

எனக்குப் பதினோரு வயதானபோது, ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அத்தா போன் செய்தார். பழைய கேமரா பழுதாகிவிட்டது, வரும்போது புதிதாக பிலிம் கேமரா வாங்கவா, டிஜிட்டல் வாங்கவா என்று கேட்டார். கவர் பிரிக்கிற ஆசையில் நான் பிலிம் என்று கத்தினேன். அத்தாவுக்கும் அதுதான் விருப்பம். எட்டுப் பேர் படுக்கிற அறையில் தன் கட்டிலுக்கு மேலே எங்கள் படங்களை ஒட்டிவைத்துத்தான் அவர் அந்த இரண்டு வருடங்களையும் ஓட்டினார். இது வேண்டும், அது வேண்டும் என்று ஒருநாளும் கேட்டறியாத அம்மா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார்.

"டிஜிட்டல்னா கழுவக் கடைக்குக் குடுக்க வேணாமா?"

அத்தா என்னவோ சொன்னார்.

"பிடிக்கலைன்னா நாமளே அழிச்சிடலாமா?"

அதற்கும் பதில் வந்தது.

"அப்ப அதையே வாங்கிட்டு வாங்க."

கேமரா வந்து நாலாம் நாள் மத்தியானம், அத்தா கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா கதவைச் சாத்திவிட்டு பீரோவிலிருந்து நாவல்பழ நிறச் சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "எடு பாப்பா" என்றார். எடுத்துக் காட்டினேன். தீப்பெட்டி அளவுத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழிச்சிடு" என்றார். அழித்தேன். மறுபடி எடுத்தேன், மறுபடி அழித்தேன். பத்துப் படத்துக்கு மேல் அப்படியே போயிற்று. கடைசியில் ஒரு படத்தைப் பார்த்தவர் அழிக்கச் சொல்லவில்லை. கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனார். நானும் கேட்கவில்லை, அழிக்கவும் இல்லை.

லீவு முடிகிற வாரத்தில் அத்தா அதைப் பார்த்துவிட்டார். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். "இதை நான் எடுத்துட்டுப் போகணும்னா பிரிண்ட் போடக் கடைக்குத்தான் போகணும். நீ வேணாம்னா வேணாம். ஆனா எல்லாத் தடவையும் நான் உன் படம் இல்லாமத்தான் போறேன்" என்றார். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. புறப்பாட்டுக்கு முந்தின நாள் காலையில் அம்மாவே புர்காவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "ஸ்ரீரங்கத்துல போட்டுக்கலாம். அங்க நம்மள யாருக்கும் தெரியாது. ஆனா நானும் வருவேன்."

ஸ்ரீரங்கத்துக் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது ஒரு பெண். படம் திரை நிறையப் பெரிதாக விரிந்ததும் அம்மா திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் திரையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். பிரிண்ட் கைக்கு வந்த பிறகும் அம்மா நகரவில்லை.

"உங்க கம்ப்யூட்டர்ல இது இருக்குமா?"

"உங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடுறேன்க்கா, பாருங்க. இன்னொரு காப்பி போடட்டுமா?"

"வேணாம்மா. ஒண்ணு போதும்."

சத்திரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அத்தா நின்றுகொண்டே வந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சட்டைப்பையின் மேலேயே வைத்திருந்தார்.

அந்தக் கேமரா இப்போது இல்லை. படங்களை ஏற்றிவைத்திருந்த கம்ப்யூட்டர் ஒருநாள் நின்றுபோய், அதோடு என் பள்ளிக்கூட வருடங்கள் மொத்தமும் போயின. பிலிம் ஆல்பங்கள் மட்டும் நிறம் மங்காமல் இருக்கின்றன. எது நல்லது என்று யாராவது கேட்டால் என்னால் சட்டென்று சொல்ல முடிவதில்லை. சொந்தக்காரர்களோடு வீடியோ காலில் பேசும்போது இப்போது அம்மாவின் முகம் திரை நிறைய இருக்கிறது. பத்தொன்பது வயதுக்கும் அந்த ஜன்னலோரப் படம் எடுத்த முப்பத்தொன்றுக்கும் நடுவில் அந்த முகம் எப்படி இருந்தது என்று காட்டத்தான் எங்களிடம் எதுவும் இல்லை.

அத்தா வேலையை விட்டு ஊரோடு வந்தபோது கொண்டுவந்த பெட்டியைப் போன மாதம் ஒழித்தோம். பாஸ்போர்ட்டுகளுக்கு நடுவில் அந்தப் படம் இருந்தது. நாலு மூலையிலும் டேப் ஒட்டிப் பிரித்த தழும்பு, ஒன்றின்மேல் ஒன்றாக, அத்தா மாறிய அறைகளின் கணக்குக்கு. நாவல்பழ நிறம் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றார்.