கெட்டிமேளத்துக்கு விறைத்த உதடு

சுன்னாகத்தில் கலியாணம், பகல் முகூர்த்தம். நான் முதல் நாதஸ்வரம், என் தம்பி இரண்டாவது. ஒரு கிழமையாகக் கீழ்க் கடைவாய்ப்பல் சீழ்பிடித்துக் கன்னம் வீங்கியிருந்தது. அன்று விடியவே நாதஸ்வரத்தில் ஊதும் சீவாளியை உதட்டில் வைத்ததும் உயிர் போய்வந்தது. நான் வாசிக்காவிட்டால் தம்பி முன்னுக்கு வருவான். ஒரு தரம் வந்தால் பிறகு இறங்குவானா? அந்த நினைப்பே பல்லைவிட அதிகமாகக் குடைந்தது. காலையிலேயே பல் டொக்டரம்மாவிடம் ஓடினேன்.

பல்லைத் திறந்து சீழை வெளியே விட்டால் வலி குறையும் என்றார். பல்லைச் சுற்றியுள்ள முரசில் விறைப்பூசி போட்டார். கருவியை வைத்தவுடன் துடித்துப்போனேன்.

"உதிலையே இன்னொண்டு போடுங்கோ."

"போட்டுப் பிரயோசனமில்லை ஐயா. இந்த மருந்து ரெண்டு உருவத்திலை இருக்கும். மின்னேற்றம் இல்லாததுதான் நரம்பைச் சுத்தியிருக்கிற கொழுப்பைத் தாண்டி உள்ளை போகும். சீழ்பிடிச்ச இடம் புளிப்பு, அமிலம் கூட. அங்கை முக்கால்வாசியும் மின்னேற்றம் ஏறி வெளியிலையே நிண்டிடும்."

எனக்கு முகூர்த்தம் நெருங்குகிறது, இவர் பாடம் எடுக்கிறார். வேறென்ன வழி என்று கேட்டேன். வீக்கத்துக்கு அப்பால், தாடையின் பின்பக்கம் நரம்பு புறப்படும் இடத்தில் போடலாம், ஆனால் அந்தப் பக்க உதடும் விறைக்கும் என்றார்.

"உதடு எனக்கு வேணும். விறைப்பு கெதியா விடுற மருந்து இல்லையோ?"

"அட்ரினலின் கலந்தது ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். கலக்காதது கெதியா விடும். ஆனால் வேலை முடிய முதலே விட்டாலும் விடும்."

"கலக்காததையே போடுங்கோ."

நான் விடவில்லை. போட்டார். பாதி வேலையில் விறைப்பு விட்டுவிட்டது. கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன். வேறு வழியில்லாமல் கலந்ததையும் போட வேண்டியதாயிற்று. சீழ் வடிந்தது, வலி போனது. உதடும் போனது. பின்னேரம்தான் திரும்பும் என்றார். அவசரக் குடுக்கை என்று என்னையே திட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை முறுக்கினேன். வழி நெடுக உதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன்.

மண்டபத்தில் சீவாளியை வைத்தேன். வைத்த இடமே தெரியவில்லை. காற்று ஒரு பக்கத்தால் ஓடியது, எச்சில் நாடியில் வடிந்தது. தவில்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஐயர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். தம்பிக்குக் கண்ணைக் காட்டினேன்.

கெட்டிமேளத்தை அவன் தூக்கி நிறுத்தினான். பிறகு ஒரு மோகனம் வாசித்தான். பந்திக்கு எழும்பிய சனம் அப்படியே நின்றது. இவ்வளவு காலமும் என் பின்னால் ஒதுங்கி ஊதியவன் இவன்தானா? பொறாமைதான், அதற்கு வேறு பேர் சொல்ல மாட்டேன்.

சாப்பாடு முடிந்து பெண்ணின் தகப்பன் வந்தார். "தையிலை சின்னவளின்ரை கலியாணம். தம்பி, நீங்கள்தான் முன்னுக்கு வாசிக்கவேணும்."

தம்பி சீவாளியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அண்ணைதான் வாசிப்பார். நான் பக்கத்திலை நிப்பன்."

முதன்முறையாக எனக்கு விட்டுத்தருகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, இத்தனை வருடமும் அவன் விட்டுத்தந்துகொண்டேதான் இருந்திருக்கிறான்.