சாந்தாமணி வருகிற பத்தி

சுலோச்சனா பன்னிரண்டு வருடமாக அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஊட்டியில், பல்கலைக்கழகப் பாடநூல் பிரிவில் அதுதான் வேலை. ஒரு கட்டுரை பாடமாக வேண்டுமானால் எழுதியவரோ வாரிசோ சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். கடிதம் போடுமுன் பாடத்தை வாய்விட்டுப் படிப்பாள். படித்த கையோடு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். பனிக்குள் எழுதியவரின் வீடு, வாசல், பூனைகூடத் தெரியும். "அம்மணி கெளம்பிட்டாங்க" என்று ஆபீஸே கிண்டலடிக்கும். அடிக்கட்டுமே!

இந்த வருடம் காத்தமுத்து மழையைப் பற்றி எழுதிய கட்டுரை. தேவாலாப் பக்கம் எஸ்டேட் வாட்ச்மேனாக இருந்து காலமானவர். எழுதியது அது ஒன்றுதான். அதன்மேல் சுலோச்சனாவுக்கு அப்படியொரு பைத்தியம். அவர் மனைவி சாந்தாமணிக்குப் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதிலில்லை. நாளைக்குள் சம்மதம் வராவிட்டால் பாடத்தையே எடுத்துவிடுவார்கள். மனசு கேட்கவில்லை. படிவத்தையும் பாடத்தையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கூடலூரில் பஸ் மாறி இறங்கினால், மழை தேவாலாவையே மறைத்திருந்தது. தூக்கத்தில் நடக்கிறவள்போல் தேயிலைக்குள் நடந்து வரிசையாக நிற்கும் எஸ்டேட் லைன் வீடுகளில் சாந்தாமணியின் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

மூன்று கடிதமும் பிரிக்காமல் அரிசி டப்பாமேல் இருந்தன. "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எஸ்டேட்ல ஊட்டக் காலி பண்ணச் சொல்றாங்களோன்னு பயந்து வெச்சுட்டனுங்க" என்றார் சாந்தாமணி. விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "படிங்க அம்மணி, கேட்டுட்டு சம்மதிக்கறேன்."

சுலோச்சனா படித்தாள். சாந்தாமணி கண்ணை மூடி, கூடவே உதட்டை அசைத்தார். அத்தனையும் மனப்பாடம்! ஓரிடத்தில் உதடு ஒரு பக்கம் போக, படிப்பு வேறு பக்கம் போனது. அவர் கண்ணைத் திறந்தார்.

"சாக்கத் தலைக்குப் போட்டுட்டு, டீத்தண்ணியோட நான் வருவனே? அது எங்கீங்க?"

சுலோச்சனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கம் கூடிப்போகிறது என்று பாடநூலைத் தொகுக்கும் பேராசிரியர் ஏகநாதன் சொல்ல, அந்தப் பத்தியை எடுத்தது அவள் கைதான்.

"நான்தானுங்க எடுத்தேன்." வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் வராத மழைய அவரு எழுதலீங்களே" என்று படிவத்தைத் தள்ளிவைத்தார்.

சுலோச்சனா வாசலில் நின்று பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"ஒரு பத்திக்காகப் பாடத்தயே உட்டுடறதாங்க?" என்றார் அவர்.

"அந்தம்மா இல்லாட்டிப் பாடமும் வேண்டாங்க சார். எழுத்த வேணும்னாச் சின்னதாக்குங்க." இத்தனை வருடத்தில் அவள் எதிர்த்துப் பேசியது அன்றுதான். மறுமுனையில் அவர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க, முழுசாவே போடுங்க."

'முழுமையாக அச்சிட்டால் மட்டும்' என்று படிவத்தில் எழுதி, படித்துக் காட்டினாள். சாந்தாமணி பெருவிரலை அழுத்திக் கைநாட்டு வைத்தார்.

ஆடி மழையில் சுலோச்சனா அச்சான புத்தகத்தோடு மறுபடியும் போனாள்.

"இதுல நான் எங்கீங்க இருக்கறேன்?"

அவர் விரலைப் பிடித்து அந்தப் பத்தியின்மேல் வைத்தாள்.

"அடேயப்பா, இத்தனை பொடிசாவா!" என்று சிரித்த சாந்தாமணி, விரலை எடுக்காமலே முதல் சொல்லிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.