ஆனைக்கொம்பு நண்டு

பீர்மேட்டு எஸ்டேட்டில் தேயிலைச் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன் நான். எஸ்டேட் துரையின் பங்களா அம்மா வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது நண்டு பொம்மை ஒன்று தந்தார். ஜப்பானில் யானைத் தந்தத்தில் செதுக்கிய பழைய பொருள். கட்டைவிரல் அளவுதான்.

டீக்கடையில் பெருமைக்கு, "நம்ம வீட்டுலயும் ஆனக்கொம்பு இருக்குல்ல" என்றேன். நண்டு என்று சொல்லவில்லை.

அதைக் கேட்டிருந்த பக்கத்து லயத்து வீட்டுச் செல்லையா மறுநாள் இரண்டு பேரோடு வந்தான். "கொம்ப எடுல" என்றான். நண்டை நீட்டினேன்.

"வெளையாட்டுச் சாமானா காட்டுத?" என்று கவ்வாத்துக் கத்தியின் பிடியால் வாயில் அடித்தான். இரண்டு பல் விழுந்தது. முழுக் கொம்பைத் தேடித் தரையைத் தோண்டினார்கள். தடுத்த என் மனைவியின் கையை முறித்தார்கள். ஒன்றும் கிடைக்காத பிறகுதான் நண்டை எறிந்துவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டாள்: "நண்டுன்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னா வாய் நோவுமாக்கும்?"

தந்தம் வைத்திருப்பதே குற்றம் என்றார்கள்; நண்டை வனத்துறையில் ஒப்படைத்துவிட்டேன். இப்போது எதையும் முழுதாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் வாயைத் திறப்பதில்லை.