பிள்ளை ஏங்கிப்போவான்

குணலட்சுமிக்குக் கொடிகாமத்தில் குரங்கு கலைக்கிற வேலை. ஆரோ ஒருவரின் தென்னங்காணிக்குள் தகரத்தைத் தட்டிக்கொண்டு திரிவாள். ஒருநாள் விட்டால் ஒரு குரும்பை மிஞ்சாது. இடுப்பில் கைக்குழந்தை இருக்கும். மூத்தவன் சயந்தன்தான் கூட இல்லை.

தங்கச்சி பிறந்ததும் அவன் பண்ணிய அழிச்சாட்டியம் சொல்லி மாளாது. நாலு வயதில், மறந்த முலைப்பாலைத் திரும்பக் கேட்டான். பாயை நனைத்தான். குழந்தையின் காலைக் கடித்தான். "பிள்ளைப்பெத்த துடக்கு முப்பத்தொரு நாளும் கழியுமட்டும் என்னோடை நிக்கட்டும்" என்று காங்கேசன்துறையில் இருக்கும் அக்கா மலர்விழி தூக்கிக்கொண்டு போனாள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை.

துடக்குக் கழிந்தது. மாதங்களும் கழிந்தன. போன் எடுத்தால், "குடுக்கமாட்டன். குரல் கேட்டா பிள்ளை ஏங்கிப்போவான்" என்பாள் அக்கா. ஏங்கின பிள்ளை சாப்பிடாது, காய்ச்சலில் விழும் என்று ஊரே நம்பும், குணலட்சுமியும் நம்பினாள். ஒருமுறை ஆசை தாங்காமல் போனவள், அவன் விளையாடுவதை வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்துவிட்டு, முகம் காட்டாமலே பஸ் ஏறினாள்.

போன கிழமை காணிக்குள் ஒரு தாய்க்குரங்கு. வயிற்றில் புதுக்குட்டி. மூத்த குட்டி கிட்டப் போகும், கீச்சிடும், அறை வாங்கும், திரும்பவும் போகும். கடைசியில் தாயின் முதுகோடு ஒட்டிக் குந்தியது. தாய் பேசாமல் விட்டது. குணலட்சுமி தகரத்தைத் தட்டவில்லை.

அடுத்த நாளே காங்கேசன்துறைக்குப் போனாள்.

"எடியே, உவன் இப்பதான் தெளிஞ்சிருக்கிறான். குழப்பாதை!" அக்கா வாசலை மறித்தாள்.

"அவன் என்ரை பிள்ளையக்கா."

"அப்ப ஏன் விட்டனி?"

சயந்தன் அக்காவின் பின்னால் வந்து நின்றான். அழவில்லை, ஓடி வரவுமில்லை.

"அம்மாட்டை வா அப்பன்."

"அண்டைக்கு வேலிக்குள்ளாலை பாத்தனீங்கள். ஏன் கூப்பிடேல்லை?"

"நீ ஏங்கிப்போவாய் எண்டு..."

"நான் படலைக்கு ஓடி வந்தனான். நீங்கள் போயிட்டீங்கள்."

அக்கா வாசலை விட்டு விலகினாள்.

வா என்றதும் வந்தான். பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பி இருந்தான். வீட்டில் பால் கேட்கவில்லை, குழந்தையைக் கடிக்கவில்லை. "பெரியம்மா நல்லாத் திருத்திப்போட்டா" என்று பக்கத்து வீட்டுக்காரி மெச்சினாள்.

பின்னேரம், குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று தாயிடம் கேட்டான்:

"கொஞ்சம் தண்ணி குடிக்கலாமோ?"