விருந்தாளிக்குத் தெளிந்த தண்ணீர்

எங்கள் ஊருக்கு மேலே கல் குவாரி வந்த பிறகு ஊற்றுத் தண்ணீர் வெளுத்துப்போனது. குடத்தின் அடியில் கல்மாவு படியும். மனு மேல் மனு கொடுத்துச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் மெட்ராஸில் இருக்கிற பசுமைத் தீர்ப்பாயத்தில் என் பெயரில் வழக்குப் போட்டோம். ஊருக்கு வேறு தண்ணீர் கிடையாது. தோற்றால் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

தீர்ப்பாயம் ஆய்வுக் குழுவை அனுப்பியது. வழிகாட்ட நான் இரண்டு நாள் முன்பே கீழே போளூர் போய்த் தங்கி, அவர்கள் ஜீப்பிலேயே ஏறிக்கொண்டேன். "அவங்க கண்ணால பாக்கறதுதான் நமக்கு சாட்சி, நீங்க பேசிக் கெடுக்காதீங்க" என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

ஊற்றுக்குப் போனோம். தண்ணீர் தெளிந்து அடி மணல் தெரிந்தது.

கரையில் கோலம் போட்டிருந்தார்கள். என் அண்ணி துலக்கிய சொம்போடு நின்றாள். எங்கள் ஊரில் யார் வந்தாலும் முதலில் ஊற்றுத் தண்ணீரைத்தான் கையில் கொடுப்போம். கலங்கலாகக் கொடுத்தால் வீட்டுக்கே அவமானம்.

"இன்னா அண்ணி இது?" என்றேன்.

"கோர்ட்டுலர்ந்து பெரியவங்க வர்றாங்க. அந்தச் சேத்துத் தண்ணியவா குடுக்கறது? ஊரே சேந்து ரெண்டு நாளா கல்மாவயெல்லாம் வாரி ஓடையில உட்டோம்."

குழுவில் வந்த அதிகாரி அம்மா தண்ணீரை பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லாத்தானே இருக்குங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "நீங்க சொல்றதையும் எழுதிக்கறேன். ஆனா இன்னிக்கு இங்க இருக்கறதத்தான் நான் சோதனைக்கு அனுப்ப முடியும்" என்றார். அன்றைக்குப் பார்த்துக் குவாரியிலும் சத்தமே இல்லை. அண்ணி நீட்டிய சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, ருசியாக இருக்கிறது என்றார். அண்ணிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு அழுகை முட்டியது.

ஜீப் போனதும் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "கேஸ நம்ம கையாலயே கழுவி உட்டீங்களே!" பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? பெரியவர்கள் வருகிறார்கள் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவனே நான்தான். எதையும் தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நாலாம் நாள் குவாரியில் வெடி வைத்தார்கள். அன்று சாயங்காலமே மழை. மறுநாள் காலையில் அண்ணி ஒரு குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று கலங்கல்.

"தம்பி, இத மெட்ராஸுக்கு எடுத்துக்கினு போலாம் வா. ஜட்ஜு ஐயா முன்னால வெக்கலாம். அடியில தங்காம இருக்க, பஸ்ஸுல நான் கலக்கிக்கினே வர்றேன்."

நாமே மொண்டு கொண்டுபோகிற தண்ணீர் செல்லாது என்று வக்கீல் அப்போதுதான் போனில் சொல்லி முடித்திருந்தார். அண்ணி கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.