ஜனவரியில் தண்ணீர், தீபாவளிக்கு நெருப்பு

பிழையில்லாத பக்கத்தைத் திருத்தியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு பிழை வந்தால்தான் புரூஃப் ரீடரைத் தேடுவார்கள். என்னைப் போல் அச்சகத்தில் கண் வலிக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புரியும்.

முதல் தாளில் எமன்

சிவகாசி ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் எனக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. எங்கள் மல்லாங்கிணறு வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. வேலை நிரந்தரமாகுமா என்று அம்மா தினமும் போனில் கேட்பார். அப்போதுதான் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி ஒன்று, மாதம் ஒரு அறிவியல் குறிப்போடு காலண்டர் கேட்டது. குறிப்புகளை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்து, "இந்த ஆர்டர் ஓகே ஆனா நீ நிரந்தரம்" என்றார் மேனேஜர்.

பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்றே ஆரம்பித்தேன். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று சொன்ன பழைய கிரேக்கர் தேலீஸ், ஜனவரியில். கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளிலேயே உலகத்தின் மூலத்தைத் தேடிய மனிதர்! எழுதும்போதே கை பரபரத்தது. கம்பெனி முதலாளி வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, பட்டாசுக் காலண்டர்ல மொதத் தாள்லயே தண்ணியா? எங்க சரக்குக்கு எமனே அதுதானம்மா! நெருப்புன்னு மாத்தி அடிங்க."

கறுப்புத் தாள்

தேலீஸ் சொல்லாததைச் சொன்னதாக எப்படிப் போடுவது? மாற்றாவிட்டால் வேலை என்னாகும்? மெஷின் ஆபரேட்டர் மாரியப்பண்ணனிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் ரோலரை நிறுத்தினார். ஓடிய வேஸ்ட் தாள்களில் எழுத்து, படம், ஓரம் எல்லாம் ஒரே மை. மறுபடி தண்ணீர் விட்டார். நாலைந்து தாளில் கறுப்பு விலகி, தேதிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன! அச்சுப் பிளேட்டில் எழுத்தில்லாத இடம் நனைந்திருந்தால்தான் அங்கே மை ஒட்டாதாம். இது தேலீஸுக்கு நிரூபணம் ஆகாது என்று தெரியும். ஆனாலும் எனக்குப் புல்லரித்தது.

"பாத்தியா தங்கச்சி? தண்ணி இல்லாட்டி இங்கன ஒரு எழுத்துப் பொறக்காது."

இடைவெளி

மறுநாள் கறுப்புத் தாளையும் நல்ல தாளையும் முதலாளி மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். "சார், தேலீஸ் தண்ணின்னுதான் சொன்னார். அதை மாத்த முடியாது. ஆனா உலகமே அணையாத நெருப்புன்னு சொன்னவரும் இருக்கார், ஹெராக்ளிட்டஸ். அவரைத் தீபாவளி மாசத்துல வைக்கலாம்." கூட வந்திருந்த மேனேஜர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி கறுப்புத் தாளைத் தடவி, விரலில் ஒட்டிய மையைப் பார்த்தார். பிறகு ஆர்டர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"சரி, ரெண்டு பேரும் இருக்கட்டும். ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சிராதீக!"

பிரபஞ்சம் எதிலிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. என் நிரந்தர வேலை தண்ணீரிலிருந்துதான் வந்தது.