தூங்கிப்போன தொடை

1. துண்டை அமுக்கு

சங்கீதா முதல் நாள் என் மாடிப்படிகளில் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஏறி வந்தாள். மேலே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கால் போனவங்க வர்ற எடத்த மாடியில வெச்சுகினு கீறீங்களே சார், நல்லா கீதா இது?"

நன்றாக இல்லைதான். ஆனால் செங்கல்பட்டில் என் வாடகைக்கு, கொளவாய் ஏரியைப் பார்த்த ஜன்னல் அந்த மாடியில்தான் கிடைத்தது. விளையாட்டுக்காரர்களுக்கு ஸ்ட்ரென்த் டிரெய்னிங் கொடுப்பதும், அடிபட்டவர்களைப் பயிற்சி கொடுத்து மறுபடி மைதானத்துக்கு அனுப்புவதும் என் தொழில். அதில் பாதி வேலை காத்திருப்பது. காத்திருப்பவனுக்கு ஒரு ஏரி இருந்தால் நல்லது.

அவள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. கபடியில் மாவட்ட அணியின் ரெய்டர். ரெய்டு போய்த் திரும்பும்போது இடது முட்டியில் ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்கு செலக்‌ஷன் வரப்போகிறது, வயது வரம்புப்படி தனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்றாள்.

முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்கச் சொன்னேன். தொடை இறுக வேண்டும், முட்டிச்சில்லு மேலே நகர வேண்டும். மிகச் சின்னப் பயிற்சி, ஆனால் இது வராமல் வேறெதுவும் வராது. அவள் பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. தொடை மட்டும் அசையவில்லை.

முட்டி வீங்கினால் மூளை தொடைக்குப் போகும் லைனைக் கட் பண்ணிவிடும். தசை சாவதில்லை, தூங்குகிறது. கரண்ட் மெஷினை வைத்தால் துடிக்கும், எடுத்தால் மறுபடி தூங்கிவிடும். பல நாள் இப்படியே போயிற்று.

"என் காலே என் பேச்ச கேக்க மாட்டேங்குது சார். பேஜாரா கீது" என்று ஒருநாள் உடைந்து அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

2. மதியக் கனவு

மழை விட்ட ஒரு மதியம். ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்தச் சாம்பல் நிறத்துக்குள் ஒரு ரயில் சத்தமே இல்லாமல் போனதுபோல் இருந்தது. பஸ் மாறி மாறி வந்த களைப்பில் சங்கீதா டேபிளில் படுத்தபடியே தூங்கிப்போனாள். துண்டு முட்டிக்கு அடியிலேயே இருந்தது. நானும் ஜன்னலோரம் அரைத்தூக்கத்தில் இருந்தேன்.

அவள் உதடு அசைந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். "கபடி கபடி கபடி..." ஒரே மூச்சில், தூக்கத்தில், பாடிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. தற்செயலாகக் காலைப் பார்த்தேன். துண்டு அமுங்கியிருந்தது. முட்டிச்சில்லு மெல்ல மேலே ஏறியது, தொடை திரண்டு நின்றது. மூச்சு முடிந்ததும் தளர்ந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. கனவில் யாரைத் தொட்டுவிட்டு ஓடி வருகிறாளோ, நடுவில் எழுப்பினால் அவுட் ஆகிவிடுவாள் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

தானாக விழித்த பிறகு சொன்னேன். "கண்ண மூடிக்க. காலப் பாக்காத. பாடிகிட்டே அமுக்கு."

"இன்னா சார், காமெடி பண்றீங்களா?"

ஆனாலும் பாடினாள். சில மூச்சுகள் வீணாயின. பிறகு தொடை இறுகியது. கை வைத்துப் பார்த்தவள் வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. காலை முறைத்து உத்தரவு போட்டபோது வராதது, ஆட்டத்தை நினைத்தபோது வந்தது. இதற்கு மேல் விளக்கம் என்னிடம் இல்லை. எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

3. ஒற்றைக் கால் குதி

அதன்பின் லெக் பிரஸ், ஸ்குவாட், ஸ்டெப்-அப் என்று படிப்படியாக ஏற்றினோம். விடிகாலையில் அவள் குப்பத்து மணலில் ஓடினாள். நான் ஈர மணலில், அலையையும் அவள் முட்டியையும் மாறி மாறிப் பார்த்தபடி நடப்பேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது செலக்‌ஷன் நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டது. விளையாடலாம் என்று நான் பிட்னஸ் லெட்டர் தர வேண்டும்.

ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். வலது கால் தூரம் போனது. இடது காலில் தூரம் குறைந்தது. குறைந்தால்கூடப் பரவாயில்லை, தரையில் இறங்கும்போது முட்டி உள்பக்கம் சரிந்தது. மறுபடி குதித்தாள். மறுபடி சரிந்தது.

"ஒரு கையெழுத்துதான சார்."

"முட்டி தாங்கினாலும் தாங்கும். ஆனா இப்படி இறங்குறப்ப எவளாவது கணுக்காலப் புடிச்சா மறுபடி அறுந்துடும். ரெண்டாவது தடவ அறுந்தா கபடியே இல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். முடிவ நீ சொல்லு."

"உங்க பொண்ணா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

"அனுப்ப மாட்டேன்."

ஏரியைப் பார்த்தபடி நின்றாள். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர்.

"அப்ப எழுதாதீங்க" என்றாள். படிகளில் நேராக, நொண்டாமல் இறங்கிப் போனாள்.

4. கோடு

அந்த அரசு வேலை கை நழுவிப் போயிற்று. சில வாரம் கழித்து அவளாகவே வந்தாள். என்னோடு பேசவில்லை. பேசாமலே எடை தூக்கினாள், பேசாமலே குதித்தாள். முட்டி நேராக இறங்கும்வரை விடவில்லை.

பிறகொரு சாயங்காலம் அவள் குப்பத்து மைதானத்தில் மேட்ச் என்று கேள்விப்பட்டு, அழைக்காமலே போனேன். பின்னால் கடல், மேலே மஞ்சள் வெளிச்சம். மூன்று பேர் அவளை அமுக்கினார்கள். இடது காலை ஊன்றி, அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாள்.

இப்போது எனக்கே முட்டிவலி. அறையை இளையவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முட்டியை நாம் திருப்பிக் கொடுக்கலாம். எதற்காக அந்த முட்டி வேண்டியிருந்ததோ, அது கிடைக்காமல் போகலாம். இரண்டையும் சொல்லிவிட்டு, முடிவை அடிபட்டு வந்தவர்களிடமே விடுங்கள்.

அன்று ஆட்டம் முடிந்து, உடம்பெல்லாம் மணலோடு என்னிடம் வந்தாள்.

"இன்னும் கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம் கீது சார்" என்றாள். "காலும் கீது."